நட்சத்திர மீனுக்கு எத்தனை பெயர்?

பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வீட்டுப் பெரியவர்களைத் திருத்தும் காலம் இது. திருத்தட்டும், அதில் தவறில்லை. படிக்க அனுப்புவதே அதற்காகத்தானே! ஆனால் திருத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைப் பற்றி, ஒரு சிறு கடல் பிராணியை முன்வைத்து, நம் மலரின் வாசக அன்பர்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'நட்சத்திர மீன்' என்று நாம் சொல்லும் பிராணி மீனே அல்ல என்று இப்போது பள்ளிகளில் அழுத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ஃபிஷ்' என்பதைக் கைவிட்டு 'ஸீ ஸ்டார்' என்று சொல்ல வேண்டுமாம். விஷயம் சரிதான். அதன் விளைவு என்ன தெரியுமா? தாத்தாவோ பாட்டியோ 'நட்சத்திர மீன்' என்று சொன்னால், "அது தப்பு தாத்தா, அப்படிச் சொல்லக் கூடாது" என்கிறார்கள். அடுத்த முறை பெரியவர் வாயைத் திறப்பதில்லை. பிள்ளையின் நாவில் ஆங்கிலப் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. ஒரு தமிழ்ச் சொல் அந்த வீட்டைவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறது. ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் நமக்கு இது சிறிய நஷ்டமல்ல.

என் கருத்து இதுதான்: விஞ்ஞானிகள் இந்தப் பிராணியின் பெயரை ஒரு முறையல்ல, பல முறை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பெயரை, அதை வைத்தவரின் பெயரோடும் ஆண்டோடும் குறித்து வைத்துவிட்டுத்தான் மாற்றினார்கள். திருத்தத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, திருத்தும் மரியாதையை நாம் விட்டுவிடுகிறோம்.

நான் விலங்கியல் படித்தவனல்ல. டிப்ளமா படித்து, ரயில்வேயில் இஞ்சின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். ஆனால் வகை பிரிப்பதும் பெயர் வைப்பதும் எங்கள் தொழிலிலும் அன்றாட வேலை. டபிள்யூ.டி.எம். 2 என்று ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. முதல் எழுத்து அகல ரயில் பாதையைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து டீசல். மூன்றாவது, பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் என்பது. கடைசி எண் மாதிரி வரிசை. நான்கு அடையாளத்தில் இஞ்சினின் ஜாதகமே அடங்கிவிடும். டபிள்யூ.டி.எம். 2சி என்று வந்த இஞ்சின்களுக்குப் பின்னாளில் டபிள்யூ.டி.எம். 3ஏ என்று பெயர் மாற்றினார்கள். இஞ்சின் அதேதான். ஆனால் பழைய வரைபடத்தைத் தேட வேண்டுமென்றால் பழைய பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்த அனுபவத்தின் கண்ணோடுதான் நட்சத்திர மீனின் கதையைப் படித்தேன்.

மீன் இல்லை என்றால் வேறென்ன?

மீனுக்கு முதுகெலும்பு உண்டு, செதில் உண்டு, துடுப்பு உண்டு, செவுள் உண்டு. நட்சத்திர மீனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. மூளை என்று தனி உறுப்பு இல்லை. ரத்தத்துக்குப் பதிலாகக் கடல் நீரையே உடம்புக்குள் குழாய் வைத்து ஓட்டிக்கொள்கிறது. மேல் பக்கத்தில் சல்லடை போன்ற ஒரு தகடு இருக்கிறது. அதன் வழியே நீர் உள்ளே போய், நடுவிலுள்ள வளையக் குழாயைச் சேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு கைக்கும் பிரிகிறது. கையின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான சிறு குழாய்க் கால்கள் உண்டு. நீரின் அழுத்தத்தால் அவை நீண்டு சுருங்கி நடக்கின்றன. இஞ்சினியர் ஒருவர் பார்த்தால் இதை 'ஹைட்ராலிக்ஸ்' என்றுதான் சொல்வார். கையின் நுனியில் வெளிச்சத்தை உணரும் கண்புள்ளி உண்டு. கை ஒன்று அறுந்தால் மறுபடி வளர்த்துக்கொள்ளும். பல வகைகள் சிப்பியின் இரு ஓடுகளையும் இழுத்துத் திறந்து, தன் இரைப்பையையே வெளியே நீட்டி அதற்குள் நுழைத்து, உள்ளிருக்கும் சதையைச் சீரணிக்கும். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளுக்கு இது ஒரு எதிரி என்பது பழைய முத்துக்குளிப்பு அறிக்கைகளிலேயே வந்த செய்தி.

உலகக் கடல்களில் ஏறத்தாழ 1,900 வகை நட்சத்திர மீன்கள் உள்ளன. இவை சேர்ந்த பெரிய தொகுதிக்குத் தமிழ்ப் பாடப் புத்தகங்கள் 'முட்தோலிகள்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கின்றன. முள் பந்து போன்ற கடல் முள்ளெலி, ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரத்தார் நன்கு அறிந்த கடல் அட்டை ஆகியவை இதன் பங்காளிகள்.

பெயர் வந்த வழி

கடலில் இருப்பதெல்லாம் மீன் என்று ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் சொன்னார்கள். ஆங்கிலேயர் சிப்பியையும் 'ஷெல்ஃபிஷ்' என்றார்கள், நாமும் 'கணவாய் மீன்' என்கிறோம். கிரேக்க நாட்டின் அரிஸ்டாட்டில் இந்தப் பிராணியை 'நட்சத்திரம்' என்று மட்டுமே குறிப்பிட்டார். அது 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி.

1733ஆம் ஆண்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மருந்துக்கடை நடத்திய யோகான் ஹைன்ரிச் லிங்க் என்பவர், கடல் நட்சத்திரங்களுக்கென்றே படங்களுடன் ஒரு தனி நூல் வெளியிட்டார். கல்லூரிப் பேராசிரியர் அல்ல, மருந்துக்கடைக்காரர்! ஆசையாகச் சேகரித்தார், கையின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்த்து வகை பிரித்தார், பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார்.

அதன்பின் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் வந்தார். உயிரினம் ஒவ்வொன்றுக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைத் தம் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் விலங்குகள் அனைத்துக்கும் கொண்டு வந்தார். நட்சத்திர மீனுக்கு அதில் 'ஆஸ்டீரியாஸ்' என்று பெயர். மீன்களின் வரிசையில் அவர் அதைச் சேர்க்கவில்லை, புழுக்களின் வகுப்பில் போட்டுவிட்டார். திமிங்கிலத்தை மீன் வரிசையிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்ததும் அதே பதிப்பில்தான். ஆக, நட்சத்திர மீன் மீனல்ல என்பது நேற்றைய கண்டுபிடிப்பல்ல, இரண்டரை நூற்றாண்டுக்கு மேலான செய்தி.

புழு என்றது நிலைத்ததா? இல்லை. ஃபிரான்ஸ் நாட்டின் க்யூவியே, வட்டமாகக் கிளை பிரியும் உடலமைப்பு கொண்டவை என்று இதை ஜெல்லி மீனோடு ஒரே குடும்பமாக்கினார். 1840களின் பிற்பகுதியில் லாய்க்கார்ட் என்ற ஜெர்மானியர் இரண்டும் வேறு வேறு என்று பிரித்தார். பிறகு முட்டையிலிருந்து உடல் உருவாகும் விதத்தை ஆராய்ந்தபோது ஒரு பெரிய வியப்பு காத்திருந்தது. கரு வளரும் முறையில் முட்தோலிகள், நண்டு, இறால், கணவாய் இவற்றைவிட முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு, அதாவது மீனுக்கும் நமக்கும், நெருங்கிய உறவு! குஞ்சுப் பருவத்தில் நட்சத்திர மீனுக்கு ஐந்து கை கிடையாது. நம்மைப் போலவே இடம், வலம் என்ற இரு பக்க அமைப்புதான். வளர்ந்த பிறகுதான் நட்சத்திரமாகிறது.

இன்னும் முடியவில்லை. 1986இல் நியூஸிலாந்துக் கடலின் ஆழத்தில், மூழ்கிய மரக்கட்டைகளில், டெய்ஸிப் பூப் போன்ற ஒரு சின்னஞ்சிறு பிராணியைக் கண்டு, இது தனி வகுப்பே என்று அறிவித்தார்கள். பின்னர் ஆராய்ந்து, இதுவும் நட்சத்திர மீன் குடும்பந்தான் என்று சேர்த்துக்கொண்டார்கள். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மரபணுக்கள் எந்தெந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று பார்த்து, நட்சத்திர மீனின் உடம்பு முழுவதும் பெரும்பாலும் தலைக்குரிய அடையாளங்களே இருப்பதாகவும், நடு உடலுக்குரியவை ஏறத்தாழ இல்லை என்றும் வெளியிட்டார்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்போம். இதற்குச் சிரசே உடம்பு போலும்!

'மீன்' என்ற வகுப்பே இன்று விஞ்ஞானத்தில் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நுரையீரல் மீன் என்று ஒன்று உண்டு. அதற்கு மத்தியைவிட நாம்தான் நெருங்கிய உறவு. எனவே மீன் என்பது பேச்சுவழக்கில் வசதியான சொல்லே தவிர, ஒரே கிளையில் வந்த குடும்பமல்ல என்பது இன்றைய முடிவு. அதற்காக யாரும் மீன் கடையில் போய் வேறு பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

மன்னார் வளைகுடாவின் நட்சத்திரம்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனவர்கள் வெளிறிய உடம்பின் மேல் சிவப்புக் குமிழ்களும், அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகளும் கொண்ட பெரிய நட்சத்திர மீனைப் பார்த்திருக்கலாம். 1880களில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடிக் கடலில் முட்தோலிகளைச் சேகரித்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட அதே தர்ஸ்டன்தான். அந்தச் சேகரிப்பைப் பற்றி லண்டனில் ஜெஃப்ரி பெல் 1888இல் அறிக்கை வெளியிட்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நட்சத்திர மீன்களை ஃபிரான்ஸ் நாட்டுக் கோலர் ஆராய்ந்து எழுதிய நூல் 1910இல் வந்தது. நம் கடலின் பிராணிகள் கப்பலேறிப் போய்ப் பெயர் வாங்கி வந்த காலம் அது.

சிவப்புக் குமிழ் நட்சத்திரத்தின் பெயர் வரலாறு சுவையானது. 1830இல் ஃபிரான்ஸின் பிளேன்வில் இதற்கு 'லிங்க்கை' என்று சிற்றினப் பெயர் சூட்டினார். மேலே சொன்ன லைப்சிக் மருந்துக்கடைக்காரர் லிங்க்கின் நினைவாகத்தான். பேரினப் பெயர் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் ஆஸ்டீரியாஸ். 1840இல் லண்டனின் கிரே, இத்தகைய நட்சத்திரங்களுக்குப் 'பெண்டாசெரோஸ்', அதாவது ஐங்கொம்பன், என்ற பெயரை எடுத்தாண்டார். லிங்க் தம் நூலில் பயன்படுத்திய பழைய பெயர்தான் அது. ஆனால் விலங்கியலில் 1758க்கு முன் வைத்த பெயர்கள் கணக்கில் வராது என்பது விதி. 1829லேயே க்யூவியே அந்தப் பெயரை வேறொரு பிராணிக்கு வைத்துவிட்டிருந்தார். எந்தப் பிராணிக்குத் தெரியுமா? ஒரு மீனுக்கு! நிஜமான, செதிலும் துடுப்பும் உள்ள மீனுக்கு. ஒரே பெயர் இரண்டு பேரினங்களுக்கு இருக்கக் கூடாது, முந்தி வந்தவருக்கே உரிமை என்பது சட்டம். ஆகவே நட்சத்திரம் பெயரை இழந்தது, மீன் வைத்துக்கொண்டது. 1842இல் வந்த 'ஓரியாஸ்டர்' என்ற பேரினத்தில் நம் நட்சத்திரம் பல காலம் இருந்தது. 1916இல் டோடர்லைன் என்பவர் அந்தப் பேரினத்தைப் பிரித்து 'புரோட்டோரியாஸ்டர்' என்று புதுவீடு கட்டிக் குடியேற்றினார். இன்று வரை அங்கேதான் இருக்கிறது.

இன்று அதன் முழுப் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: புரோட்டோரியாஸ்டர் லிங்க்கை (பிளேன்வில், 1830). அந்த அடைப்புக்குறி வெறும் அலங்காரமல்ல, அதற்கு ஒரு பொருள் உண்டு. பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்தபோது இந்தப் பிராணி வேறு பேரினத்தில் இருந்தது, பிறகு இடம் மாறியது என்று அர்த்தம். வீடு மாறினாலும் பெயர் வைத்தவரை மறக்கவில்லை என்பதற்கு ஒரு சின்ன வளைகோடு சாட்சி. அதுமட்டுமல்ல, இதுவரை வழங்கி வந்த எல்லாப் பெயர்களையும் பட்டியலாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய புத்தகத்தைப் புரட்டும் ஒருவர், அதில் உள்ள நட்சத்திரம் இன்றைய எந்த நட்சத்திரம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பவளப் பாறைகளை அரித்துத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் இன்னொரு உதாரணம். அகாந்தாஸ்டர் பிளான்சி (லின்னேயஸ், 1758) என்று ஒரே பெயரில் செங்கடல் முதல் பசிபிக் வரை அழைத்தார்கள். 2008இல் மரபணுவைச் சோதித்தபோது அது ஒன்றல்ல, குறைந்தது நான்கு என்று தெரிந்தது. பழைய பெயரைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் வாழும் வகைக்கு, அதாவது நம் பக்கத்து வகைக்கு, பிளான்சி என்ற மூத்த பெயரை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தனிப் பெயர்கள் தேடினார்கள். செங்கடல் வகைக்குப் புதுப் பெயர் 2022இல்தான் வந்தது.

தமிழில் மீன் என்றால்...

இப்போது நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்றால் மீன் மட்டுமே. தமிழில் மீன் என்றால் நீரில் நீந்துவதும் மீன், வானத்தில் மின்னுவதும் மீன். விண்மீன் என்கிறோம். கார்த்திகைக் கூட்டத்துக்கு அறுமீன், சப்தரிஷி மண்டலத்துக்கு எழுமீன், அருந்ததிக்கு வடமீன் என்று பழந்தமிழில் பெயர்கள். ஆக, ஆங்கிலப் பெயரில் உள்ள குறை அப்படியே தமிழ்ப் பெயருக்குப் பொருந்தாது. சொல்லப்போனால் 'நட்சத்திர மீன்' என்பது 'நடு சென்டர்' மாதிரி. வடமொழியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் நட்சத்திரம் என்றே சொல்லியிருக்கிறோம் என்றும் வைத்துக்கொள்ளலாம்! இந்த விளக்கத்தைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்த 'மீன்' என்ற சொல்லுக்கும் நம் மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்குள்ள செயின்ட் சேவியர் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஹென்றி ஹீராஸ் என்ற ஸ்பானிய நாட்டுப் பாதிரியார், சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் வடிவத்தை, திராவிட மொழிகளின் இந்த இரட்டைப் பொருளை வைத்து 'நட்சத்திரம்' என்றும் படிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பின்னர் வந்த அஸ்கோ பார்ப்போலா, ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்களும் அந்த யோசனையைப் பெரிதாக மதித்து ஆராய்ந்தார்கள். சிந்து எழுத்து இன்னும் முடிவாகப் படிக்கப்படவில்லை. ஆனால் நாம் அலட்சியமாக விட்டுவிடும் ஒரு சொல்லில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் அண்டை வீட்டு மராட்டியர் 'தாராமாசா' என்கிறார்கள். தாரா என்றால் நட்சத்திரம், மாசா என்றால் மீன். அவர்களும் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை.

பெயர் போனால் என்ன போகும்?

"போகட்டுமே, ஒரு சொல்தானே" என்று கேட்பவர்கள் இருக்கலாம். பங்காளியான கடல் அட்டையைப் பாருங்கள். மீனவர்கள் அதை 'அட்டை' என்றுதான் சொல்வார்கள். வெள்ளை அட்டை என்றும் வேறு பல அடைமொழிகளோடும் அதில் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக முக்குளித்துப் பெற்ற அறிவு. பாடப் புத்தகத்திலோ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக் 'கடல் வெள்ளரி' என்று போட்டார்கள். கடற்கரைப் பிள்ளை ஒருவன் தன் அப்பா பிடிக்கும் அட்டையும் தன் புத்தகத்தில் உள்ள வெள்ளரியும் ஒன்றுதான் என்று எப்படி அறிவான்?

பெயரும் வகைப்பாடும் சட்டத்துக்கும் போகும். 2001இல் மத்திய அரசு கடல் அட்டை வகுப்பு முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அளவு மீறிப் பிடித்ததால் அழிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அட்டவணையில் ஏறியது விஞ்ஞானம் வைத்த வகுப்பின் பெயர். மீனவர்கள் பிரித்து வைத்திருந்த வகைகளுக்கு அங்கே இடமில்லை. பிழைப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒருவர் பேச வேண்டுமானால், தன் பெயருக்கும் சட்டத்தின் பெயருக்கும் இடையே பாலம் போடத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பெயரும் தெரிந்தவருக்கே அது முடியும். எனவேதான் சொல்கிறேன், தமிழ்ப் பெயர் மட்டும் போதும் என்பது என் வாதமல்ல. லத்தீன் பெயரும் வேண்டும், ஆங்கிலப் பெயரும் வேண்டும். ஒன்று வந்தால் மற்றொன்று போக வேண்டும் என்ற கணக்குதான் தவறு.

நம் ரயில்வேயிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. சென்னை என்று 1996இல் நகரின் பெயர் மாறியது. 2019இல் சென்ட்ரல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். அவர்களின் பெயரும் வந்துவிட்டது. ஆனால் டிக்கெட்டில் அந்த நிலையத்தின் சங்கேத எழுத்து இன்றும் மெட்ராஸின் எம்.ஏ.எஸ். தான். புதிய பெயருக்குக் குறைவில்லை, பழைய பெயருக்கும் ஓர் இருக்கை. லின்னேயஸ் பார்த்தால் மகிழ்வார்!

நம் குடும்பங்களையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நம் பெயர் முடிந்துவிடும். மகாராஷ்டிரத்தில் விண்ணப்பத்தில் மூன்று கட்டம்: பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். முத்தையாவின் மகன் கணேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காகிதத்தில் 'மு. கணேசன்', இன்னொன்றில் 'கணேசன் முத்தையா'. அவர் மகள் கவிதா பள்ளியில் 'கவிதா கணேசன்', வேறிடத்தில் 'கவிதா முத்தையா'. பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் எல்லோரும் ஒரே குடும்பந்தான் என்று நிரூபிக்க நடையாய் நடக்க வேண்டும். நட்சத்திர மீனுக்கு நடந்ததும் இதுவேதான்: வீடு மாறியது, முன்பெயர் மாறியது. ஆனால் அதற்கு ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்து வைக்க ஆள் இருந்தது. நம் வீட்டில் அந்தக் குறிப்பேட்டை எழுதுவது யார்? எந்த ஊர், யார் வைத்த பெயர், ஏன் வைத்தார்கள், எப்போது எப்படி மாறியது என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சொத்து.

செய்யக் கூடியவை

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது முறையல்ல. மூன்று யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் மலரின் சிறுவர் பக்கத்தில் இதழுக்கு ஓர் உயிரினம் என்று எடுத்துக்கொண்டு ஐந்து பெயர்கள் கொடுப்போம்: நம் ஊர்ப் பேச்சுப் பெயர், நூல் தமிழ்ப் பெயர், மராட்டிப் பெயர், ஆங்கிலப் பெயர், விஞ்ஞானப் பெயர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், ஐரோலி என்று பரந்திருக்கும் நம் குடும்பங்களில் நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம், குமரிக் கரையோரத்தைச் சேர்ந்தவர்கள் பலர். உங்கள் ஊர்க் கடற்கரையில் நட்சத்திர மீனை என்ன பெயரில் அழைக்கிறார்கள்? ஊருக்குப் போகும்போது வலை உலர்த்தும் பெரியவரிடம் கேட்டு, ஊர்ப் பெயரையும் குறிப்பிட்டு, சங்கத்துக்கு எழுதுங்கள். அச்சில் ஏறிய பெயர் அவ்வளவு சுலபத்தில் சாகாது.

இரண்டாவது, நம் ஐரோலியிலேயே தாணே கழிமுகத்தை ஒட்டி, மகாராஷ்டிர வனத்துறையின் கடலோர, கடல்சார் பல்லுயிர் மையம் இருக்கிறது. பூநாரை பார்க்கும் படகுகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இந்தக் கழிமுகம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்து வெளியூர் போகும் நாம் வீட்டு வாசலில் இருப்பதைப் பார்ப்பதில்லை. சங்கத்தின் சார்பில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். ஒவ்வொரு குழுவோடும் கடலறிந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரும் போகட்டும். பலகையில் ஆங்கிலத்திலும் மராட்டியிலும் இருப்பதை அவர் தமிழில் சொல்லட்டும். மும்பைக் கரைகளில் கடல் உள்வாங்கும் நேரத்தில் பொதுமக்களை அழைத்துச் சென்று கடலுயிர்களைக் காட்டும் தன்னார்வலர்களும் 2017 முதல் இயங்கி வருகிறார்கள். அவர்களோடும் சேர்ந்து போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: பார்த்த பிராணியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிள்ளை வந்து "நட்சத்திர மீன் மீன் இல்லை" என்று சொன்னால் மறுக்க வேண்டாம், மடக்கவும் வேண்டாம். "சரியாகச் சொன்னாய் கண்ணு, அது மீன் இல்லைதான். ஆனால் தமிழில் மீன் என்றால் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, தெரியுமா?" என்று தொடங்குங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. தாத்தாவைத் திருத்த வந்த பிள்ளை தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகும். தாத்தாவும் அடுத்த முறை வாயைத் திறப்பார்.

அறிவு வளர வளரப் பெயர்கள் மாறத்தான் செய்யும். மாற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். பழைய பெயருக்கு ஓர் அடைப்புக்குறி போட மட்டும் மறக்க வேண்டாம்.